பிறர் நோவும் பிரமாணமும்

பிற உயிரின் துன்பத்தைத் தன் துன்பமாகக் கொண்டு பேணாதவனுக்கு அவன் பெற்ற அறிவினால் விளைந்த பயன் யாது என்று வள்ளுவர் கேட்டதை, அறத்தின்பாற்பட்ட கேள்வி என்றே நெடுங்காலமாக எண்ணி வந்திருக்கிறோம்; ஆயினும் சற்று நின்று யோசித்தால், அந்த அறத்துக்கு முன்னே அறிவைப் பற்றிய வினா ஒன்று வழிமறித்து நிற்பது புலப்படும். பிறனுடைய நோவை என்னுடையதாகக் கொள்ள வேண்டுமானால், அவனுக்கு நோவு உண்டு என்பதும் அது இத்தகையது என்பதும் முதலில் எனக்குத் தெரிந்தாக வேண்டும். எனக்கு அது எவ்வாறு தெரியும்?

பிரத்தியட்சம், அநுமானம், உபமானம், சப்தம் என அறிவுக்கு நான்கு வாயில்களை நியாய சாஸ்திரிகள் வகுத்தார்கள். என் பல்வலி எனக்குப் பிரத்தியட்சம். அதைப் பற்றி எனக்கு எள்ளளவும் சந்தேகம் எழ முடியாது. அடுத்த வீட்டுக்காரனுடைய பல்வலியோ எனக்கு எந்நாளும் பிரத்தியட்சமாகப் போவதில்லை. அவன் கன்னத்தைக் கையில் தாங்கியிருப்பதையும் சோற்றைத் தள்ளி வைப்பதையும் கண்டு நான் அநுமானிக்கலாம்; அல்லது அவன் வாய்விட்டுச் சொல்வதைக் கேட்டு நம்பலாம். ஒரு பொருளை நேரே அறிந்தவனாய், அறிந்ததை அறிந்தபடியே சொல்ல விரும்புகிறவன் எவனோ அவனே ஆப்தன் என்றும், அவன் வாக்கே பிரமாணம் என்றும் சாஸ்திரம் கூறுகிறது. இந்த இலட்சணம் ரிஷிக்கும் ஆரியனுக்கும் மிலேச்சனுக்கும் ஒன்றுபோலப் பொருந்தும் என்று வாத்ஸ்யாயனர் தம் பாஷ்யத்தில் எழுதியிருப்பதை நான் படித்தபோதெல்லாம் வியந்திருக்கிறேன். தன் சரீரத்தின் நோவைப் பொறுத்த மட்டில், எழுத்தறியாத கிழவியும் ஆப்தையே; அவளைக் காட்டிலும் அந்த விஷயத்தை அறிந்த பண்டிதர் உலகில் ஒருவரும் இல்லை.

அப்படியானால், ஆப்தையின் பாஷை ஒன்றாகவும் வைத்தியரின் பாஷை வேறொன்றாகவும் இருக்குமிடத்தில் அந்தப் பிரமாணத்தின் கதி என்ன ஆகும்? இதை ஆகாயத்தில் வைத்துத் தர்க்கிப்பதைவிட, உண்மையாகவே நிகழ்ந்த ஓர் இடத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது. ஆங்கிலமும் பிரெஞ்சும் ஒரே நகரத்தில், ஒரே மருத்துவமனையின் ஒரே தாழ்வாரத்தில்கூட, அன்றாடம் எதிர்ப்பட்டுக்கொள்ளும் மான்ட்ரியல் அத்தகைய இடம்.

அந்நகரத்தின் மக்கில் பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியராயிருந்த ரொனால்ட் மெல்சாக், தம் இளமையில் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரத்தில் ஆராய்ச்சி செய்துவந்த காலத்தே, நீரிழிவினால் கால்களை இழந்த முதியவள் ஒருத்தியைச் சந்தித்தார். இல்லாத காலில் அவளுக்கு நோவு இருந்தது. வெட்டியெடுக்கப்பட்ட அவயவத்தில் அவள் உணர்ந்த வேதனையைக் காட்டக்கூடிய கருவி எதுவும் வைத்தியர்களிடம் இல்லை. அவளுடைய சொற்கள் மட்டுமே இருந்தன. எரிகிறது, சுடுகிறது, பிசைகிறது என்று அவள் சொன்னவற்றை மெல்சாக் குறித்துக்கொள்ளத் தொடங்கினார். பிறகு மற்ற நோயாளிகளிடமும் கேட்டுக் கேட்டுச் சேர்த்தார். வாரன் டார்கர்சன் என்னும் புள்ளியியல் அறிஞரோடு சேர்ந்து 1971இல் அவர் வெளியிட்ட ஆராய்ச்சியில் 102 சொற்கள் வகைப்படுத்தப்பட்டிருந்தன. அவற்றினின்று பிறந்து, 1975இல் வெளிவந்த மக்கில் நோவு வினாப்பட்டியலில் 78 சொற்கள் 20 தொகுதிகளாக அமைந்தன. ஒவ்வொரு தொகுதியிலும் சொற்கள் ஏறுமுகமாக நிற்கின்றன: கிள்ளுவது போன்ற நோவு, அழுத்துவது, அரிப்பது, சுண்டியிழுப்பது, நசுக்குவது என்று படிப்படியாக. நோயாளி தன் நோவுக்குப் பொருந்தும் சொல்லைத் தொகுதிக்கு ஒன்றாகச் சுட்டினால், அதன் படியைக் கொண்டு வைத்தியர் நோவைக் கணக்கிடுவார்.

இந்தப் பட்டியலில் என்னைப் பெரிதும் ஈர்ப்பது, உடலைச் சொல்லும் சொற்களோடு உள்ளத்தைச் சொல்லும் சொற்களையும் அது தனியே பிரித்து, சமமான மரியாதையோடு வைத்திருப்பதுதான். குத்துகிறது, துடிக்கிறது என்பவை ஒரு வகை. களைக்கச் செய்கிறது, அச்சுறுத்துகிறது, கொடுமை செய்கிறது என்பவை வேறு வகை. 1664இல், ஆசிரியர் காலமான பிறகு அச்சேறிய தம் நூலில் பிரெஞ்சுத் தத்துவ ஞானி தெக்கார்த், காலில் தீ பட்டால் ஒரு நூல் இழுபட்டு மூளையில் மணி ஒலிப்பதைப் போல நோவு உண்டாகிறது என்று விளக்கினார். மூன்று நூற்றாண்டு வைத்திய உலகம் ஏறக்குறைய அந்த மணியின் ஓசையையே கேட்டுக்கொண்டிருந்தது. மெல்சாக்கும் பாட்ரிக் வால் என்பவரும் 1965இல், தண்டுவடத்தில் ஒரு கதவு இருக்கிறது, கீழிருந்து வரும் செய்தி மட்டுமன்றி மேலிருந்து வரும் அச்சமும் கவனமும் நினைவும் அந்தக் கதவைத் திறக்கவும் சாத்தவும் வல்லவை என்று கூறியபோது, உள்ளத்தின் பங்கை விஞ்ஞானம் மீண்டும் ஒப்புக்கொண்டது. மீண்டும் என்று வேண்டுமென்றே சொல்கிறேன். ஏனெனில், அம்பு தைத்தவன் உடலின் வேதனையோடு நில்லாமல் மனத்தின் வேதனையையும் சேர்த்து அநுபவிப்பதால் இரண்டு அம்புகளால் தைக்கப்பட்டவனாகிறான் என்ற உபதேசம் புத்த பகவானுடைய சூத்திரங்களில் என்றோ பதிவாகியிருக்கிறது.

இனி, இந்த ஆங்கிலப் பட்டியல் பிரெஞ்சுக்குப் போக வேண்டிய காலம் வந்தது. அகராதியைத் திறந்து சொல்லுக்குச் சொல் எடுத்துப் போட்டால் வேலை முடிந்துவிடும் என்றுதான் எவருக்கும் தோன்றும். பிரெஞ்சுக்காரர் 'இதயத்தில் நோகிறது' என்று பொருள்படும் ஒரு தொடரைச் சொன்னால் அவருக்கு வயிற்றைப் புரட்டுகிறது, குமட்டுகிறது என்பதே கருத்து. மாரடைப்பு நோயாளியிடம் ஆங்கில வைத்தியர் கேட்கும் கேள்வியை அப்படியே இந்தத் தொடரில் வார்த்துவிட்டால், குமட்டல் இல்லை என்று அவர் உண்மையாகவே தலையசைத்துவிடக் கூடும். அதைவிட நுட்பமான சங்கடம் படிகளில் இருந்தது. ஆங்கிலத்தில் மூன்றாம் படியில் நிற்கும் சொல்லுக்கு அகராதி காட்டும் பிரெஞ்சுச் சொல், பிரெஞ்சுக்காரரின் காதில் முதற்படியிலோ ஐந்தாம் படியிலோ விழலாம். பொருள் மாறாமலே அளவு பொய்த்துப்போகும்.

பாரிஸ் நகரத்து ஸென்ட் அந்துவான் மருத்துவமனையில், அதாவது பழைய கன்னியர் மடம் ஒன்று பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் ஆஸ்பத்திரியாக மாறிய அந்த இடத்தில், நோவு வைத்தியத்துக்கென்றே உழைத்த ஃபிரான்சுவா பூரோவும் அவருடன் பணியாற்றியவர்களும் 1984இல் வெளியிட்ட பட்டியல், மக்கிலின் அமைப்பைத் தழுவியிருந்தபோதிலும் அதன் சொற்களின் பெயர்ப்பாக இருக்கவில்லை. பிரெஞ்சில் நோவை நோகிறவர்கள் எப்படிச் சொல்கிறார்கள், அந்தச் சொற்களுள் எது எதனினும் கடியது என்று அவர்கள் அந்தப் பாஷையிலேயே புதிதாக விசாரித்தார்கள். பிற்பாடு நிலைபெற்ற வடிவத்தில் அது 58 சொற்களும் 16 தொகுதிகளும் கொண்டது. ஒன்பது தொகுதிகள் உடலைச் சார்ந்தவை, ஏழு உள்ளத்தைச் சார்ந்தவை. 78 ஐ 58 ஆக்கியவனை மொழிபெயர்ப்பாளன் என்று சொல்லலாமா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். நான் அறிந்த மொழிபெயர்ப்புகளுள் இதுவே தர்மத்துக்கு மிக நெருங்கியது என்பேன். மூலம் என்பது மான்ட்ரியலில் அச்சான காகிதமன்று, நோகிறவனே மூலம் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள். ஆகவே காகிதத்தை விட்டு, மூலத்திடமே திரும்பிப்போனார்கள்.

அந்தப் பட்டியலைச் சற்று அருகில் வைத்துப் பார்க்கலாம். மரத்துப்போன கையில் உயிர் திரும்புகையில் உண்டாகும் உணர்ச்சிக்கு அதில் உள்ள ஒரு சொல், எறும்பின் பெயரிலிருந்தே பிறந்தது. எறும்பு ஊர்கிறாற்போல் இருக்கிறது என்று நம் வீடுகளில் சொல்வதை அச்சொட்டாக ஒத்திருக்கிறது. ஆங்கிலப் பட்டியலில், உள்ளத்தைச் சார்ந்த ஒரு தொகுதி 'தண்டிக்கிறது' என்ற சொல்லில் தொடங்கி, வாட்டுகிறது, கொடுமை செய்கிறது, குரூரமாய்ப் பாய்கிறது என்று ஏறி, 'கொல்கிறது' என்பதில் முடிகிறது. நோவுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பொதுப்பெயரே, தண்டனை என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததாகையால், நோகிறவன் குற்றவாளியாய் நிற்கும் சாயல் அந்தப் பாஷையின் அடியிலேயே கிடக்கிறது. ஸென்ட் அந்துவான் பட்டியலில் தண்டனை என்ற சொல் இல்லை. சித்திரவதை இருக்கிறது, கொலைக்களத்து வாதை இருக்கிறது. வதைப்பவன் இருக்கிறான், குற்றப்பத்திரிகை மாத்திரம் காணாமற்போயிற்று. இறுதித் தொகுதியில், மனத்தைத் தாழ்த்துவது என்பதற்கு அடுத்து, தற்கொலையை நினைக்கச் செய்வது என்ற ஒரே சொல் நிற்கிறது. ஆங்கிலப் பட்டியலில் அதற்கு இணை கிடையாது. ஒரு பாஷையில் நோவு வெளியேயிருந்து வந்து என்னைக் கொல்கிறது; மற்றதில் அது என் கையைக் கொண்டே என்னைக் கொல்லப் பார்க்கிறது. வைத்தியருக்கு இந்த வேற்றுமை வெறும் சொல்லழகு அன்று. அந்தச் சொல்லைச் சுட்டும் நோயாளியை அன்றிரவு தனியே விடலாமா கூடாதா என்று அவர் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

நோவு தண்டனையா என்னும் கேள்வி நமக்குப் புதிதன்று. சூலை நோயினால் குடல் முறுக்கத் திருவதிகையில் வந்து விழுந்த திருநாவுக்கரசர் பாடிய முதற் பதிகமே, தாம் அறியாமல் செய்த குற்றம் எதற்காக இந்த வாதை என்று இறைவனிடம் முறையிடுவதாக அமைந்திருக்கிறது. முன்வினை என்ற விளக்கம் நோகிறவன் தானே தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும்போது சில சமயம் அவனைத் தாங்கும். அருகில் நிற்பவன் அதை எடுத்து அவன்மேல் வீசினால், அது இரண்டாவது அம்பாகவே போய்த் தைக்கும். அப்பர் தமக்கே சொல்லிக்கொண்டார். அவருடைய தமக்கையார் திலகவதியார் தம்பியைப் பார்த்து அப்படிச் சொல்லவில்லை, திருநீறு கொடுத்து ஆலயத்துக்கு அழைத்துச் சென்றார்.

பாஷைக்குப் பாஷை பட்டியல் வேறானால் நோவே வேறு வேறா என்று ஒருவர் கேட்கலாம். குழந்தை விழுந்து அழுகிறது, பெரியவர்கள் அதனிடம் பேசிப் பேசி அழுகையின் இடத்தில் ஒரு சொல்லை வைத்துவிடுகிறார்கள் என்று விட்கென்ஸ்டைன் எழுதினார். அது மெய்யானால், நோவுச் சொல் என்பது உள்ளே ஒளித்து வைத்த ஒரு பொருளின் பெயர்ச்சீட்டு அல்ல, நாகரிகமடைந்த அழுகையே. ஓர் அழுகையை மற்றோர் அழுகையாக அகராதியால் மாற்ற முடியாது. அந்த ஊரில் அழுகை எந்தச் சொல்லாக வளர்ந்தது என்று கேட்டுத்தான் அறிய வேண்டும். நோவு ஒன்றா பலவா என்ற விசாரத்தை முடிக்காமலே இவ்வளவும் செய்ய இயலும் என்பதே என் அபிப்பிராயம்.

மான்ட்ரியலின் ராயல் விக்டோரியா மருத்துவமனையில் பால்ஃபர் மவுண்ட் என்ற அறுவை வைத்தியர், குணப்படுத்த இயலாத நோயாளிகளுக்கென்று 1975இல் ஒரு பிரிவைத் தொடங்கினார். லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் 1967இல் திறந்த ஸெயின்ட் கிறிஸ்டோபர்ஸ் இல்லத்தைக் கண்டு கற்றுவந்தவர் அவர். அங்கே வழங்கிய 'ஹாஸ்பிஸ்' என்ற பெயரைப் பிரெஞ்சு பேசும் நகரத்தில் வைத்தால், அநாதைக் கிழவர்களை ஒதுக்கிவைக்கும் விடுதி என்றே அது காதில் விழும். ஆகையால், நோயைத் தீர்க்காவிடினும் அதன் கடுமையைத் தணிக்கும் பராமரிப்பு என்று பொருள்படும் 'பாலியேட்டிவ் கேர்' என்னும் பெயரை அவர் அமைத்தார். பின்பு ஆங்கில உலகமே அந்தப் பெயரை ஏற்றுக்கொண்டது. பிரெஞ்சுக் காதைப் புண்படுத்தலாகாது என்ற ஒரு கரிசனம், ஆங்கிலத்துக்கும் புதிய பெயரைக் கொடுத்துவிட்டது. மெல்சாக்கின் பட்டியல் அந்த வார்டிலும் பயன்பட்டது. புற்றுநோயாளிகளுக்குக் கொடுத்த மார்ஃபின் கலவை அவர்களுடைய நோவை எவ்வளவு தணித்தது என்பதை அவரும் மவுண்டும் சேர்ந்து அந்தச் சொற்களைக் கொண்டே அளந்து 1976இல் வெளியிட்டார்கள்.

அதே நகரத்தில் நம்மவர்களும் இருக்கிறார்கள். 1983க்குப் பிறகு ஈழத்திலிருந்து அகதிகளாய்ப் போய்ச் சேர்ந்த தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள், 1977ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பிரெஞ்சுப் பள்ளிக்கூடங்களில் படித்தவர்கள். ஆகவே ஆஸ்பத்திரிக் கட்டிலின் அருகே அம்மம்மாவின் வாயாக நிற்பது பல சமயம் பேத்தியாகவே இருக்கும். "கால் உளையுது பிள்ளை, இரா முழுக்க உளையுது" என்று கிழவி சொல்வாள். உளைவு வெட்டுவதன்று, எரிவதுமன்று. எலும்புக்குள் நின்று இடைவிடாமல் அலுத்து நோவது. யாழ்ப்பாணத்துக் காதுக்கு விளக்கம் வேண்டாத சொல். பேத்தியோ பள்ளியில் கற்ற பிரெஞ்சில் அதற்கு ஒரு சொல் தேடித் தயங்கி, நோகிறது என்ற பொதுச்சொல்லைக் கொடுத்து நிறுத்திக்கொள்வாள். தாதி ஒரு மாத்திரையைக் குறித்துக்கொண்டு நகர்வாள். பேத்தியின்மேல் குற்றமில்லை. அம்மம்மா தன் உடம்பின் மறைவான இடங்களைப் பற்றிச் சொல்லக் கூசுவதும், சாவைக் குறித்து வைத்தியர் சொல்வதை அவளிடம் சொல்லப் பேத்தி அஞ்சுவதும், அன்பின் காரணமாகவே பிரமாணத்தைப் பழுதாக்கிவிடுகின்றன. அதனால்தான் இந்த வேலைக்குப் பயின்ற மொழிபெயர்ப்பாளரை வைப்பது மருத்துவமனையின் தயவு அன்று, அதன் கடன் என்று நான் அழுத்திச் சொல்வேன். அத்தகையவர் தெரியாத சொல் வந்தால் ஊகித்து நிரப்பாமல், திரும்பிக் கிழவியிடமே கேட்பார்: அழுத்தினால் சுகமாயிருக்கிறதா, நடந்தால் கூடுகிறதா, காலையில் எப்படி என்று.

அப்படிக் கேட்பதை ஒரு வழிபாடாகவே கருதியவள் பிரெஞ்சு நாட்டுச் சிமோன் வெய். தத்துவ ஆசிரியையாயிருந்த அவள், ஆண்டுக்கணக்கில் கடுமையான தலைநோவில் வாடியவள். 1938இல் உயிர்த்தெழுதல் பண்டிகையை ஒட்டி ஸொலேம் மடத்தில் தங்கியிருந்தபோது, அங்கே சந்தித்த ஓர் ஆங்கில இளைஞன் வாயிலாக ஜார்ஜ் ஹெர்பெர்ட்டின் 'அன்பு' என்னும் ஆங்கிலக் கவிதையைப் பற்றி அறிந்தாள். பின்னாட்களில் தலைநோவு உச்சத்துக்கு ஏறும் வேளைகளில் அதை முழுக் கவனத்தோடு ஓதுவாள், ஒரு முறை அப்படி ஓதுகையில் கிறிஸ்து தன்னை ஆட்கொண்டார் என்று ஒரு பாதிரியாருக்கு எழுதினாள். அந்த அநுபவத்தை அளக்க நமக்கு அதிகாரமில்லை. ஆனால் அவள் அதிலிருந்து வகுத்துக்கொண்ட ஒழுக்கம் எல்லோருக்கும் உரியது: பிறரிடம் அன்பு செய்வதன் முழுமை, உனக்கு என்ன துன்பம் என்று அவரைக் கேட்க முடிவதில்தான் அடங்கியிருக்கிறது என்றும், அதற்கு வேண்டியது தன்னைக் காலி செய்துகொண்ட கவனம் ஒன்றே என்றும் அவள் நினைத்தாள். விடையை முன்கூட்டியே அகராதியில் வைத்திருப்பவனுக்கு அந்தக் கேள்வி வாயில் வராது.

எனினும், கேட்டாலும் சொல்ல இயலாதவர்கள் இருக்கிறார்களே. நோவு ஆராய்ச்சிக்கான சர்வதேசச் சங்கம் 1979இல் நோவுக்குக் கொடுத்த இலக்கணத்தில், திசுக்களின் சேதத்தைக் குறிக்கும் சொற்களால் 'வர்ணிக்கப்படுவது' என்ற ஒரு பகுதி இருந்தது. வர்ணிக்கத் தெரியாத சிசுவும் பேச்சிழந்த முதியவரும் அதனால் இலக்கணத்துக்கு வெளியே நிற்க நேர்ந்தது. 2020இல் அந்த இலக்கணத்தைத் திருத்தியவர்கள் அச்சொல்லை நீக்கி, தமக்கு நோவு என்று ஒருவர் சொல்வதை மதிக்க வேண்டும் என்றும், சொல்ல முடியாமையால் நோவு இல்லையென்று ஆகிவிடாது என்றும் குறிப்புகளில் சேர்த்தார்கள். முதற் குறிப்பு ஆப்த வாக்கியத்தின் அங்கீகாரம். இரண்டாவது, சப்தம் இல்லாத இடத்தில் அநுமானத்தின் பொறுப்பு.

அந்தப் பொறுப்பு எவ்வளவு கடினமானது என்பதைப் பாரிஸை அடுத்த வில்ஜுயிப் நகரத்தின் குஸ்தாவ் ரூஸி புற்றுநோய் மருத்துவமனையில் குழந்தைகளைக் கவனித்த ஆன்னி கோவேன்-பிக்கார் காட்டினார். இரண்டு முதல் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்காக 1987இல் அவரும் துணைவர்களும் வெளியிட்ட அளவுகோல், அழுகையை மட்டும் நோவின் அடையாளமாகக் கொள்ளவில்லை. நீண்டநாள் நோவில் கிடக்கும் குழந்தை அழுவதையே விட்டுவிடும். விளையாட்டுச் சாமானைத் தொடாது, அசைந்தால் நோகுமென்று அசையாது, தாய் வந்தாலும் முகத்தைத் திருப்பாது. சமர்த்தாய்ப் படுத்திருக்கிறது, நோவு இல்லை என்று வார்டில் எல்லோரும் எண்ணிவிடுவார்கள். புகை இல்லாமையைக் கொண்டு நெருப்பில்லை என்று முடிவு கட்டுவதைத் தார்க்கிகர்கள் குற்றமுள்ள அநுமானம் என்பார்கள். பழுக்கக் காய்ந்த இரும்பில் புகை இருப்பதில்லை. எனவே அந்த அளவுகோலைக் கையாளும் தாதி, குழந்தை அழுததா என்பதோடு, நான்கு மணி நேரமாய் அது எதையாவது பார்த்ததா, எதற்காகவாவது கையை நீட்டியதா என்பதையும் கவனித்து எழுதிவைக்க வேண்டியிருக்கிறது. ஒன்றுமில்லை என்று எழுத நேர்ந்தால், மருந்தின் அளவைக் கூட்டச் சொல்லி அவள் வைத்தியரை அழைக்க வேண்டும்.